நத்தார் மிச்சப் பெயின்ட்

கொட்டாஞ்சேனையில் துறைமுகப் பக்கமாக இறங்கிப் போகிற ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில், ஒரு கல்லூரி மூன்று பழைய கட்டடங்களைத் திருத்திக்கொண்டிருந்தது. படிப்பு முடிந்து நான் சேர்ந்த முதல் வேலை அது. நியமனக் கடிதத்தில் என் பதவி கட்டடப் பொறியியலாளர். ஒழுங்கையில் என் பெயர் சுண்ணாம்பு மிஸ்.

எதையும் வரிசையாக வைத்தால்தான் எனக்கு விளங்கும். முதலாவது கட்டடம், ஒரு காலத்தில் மருந்துச்சாலையாக இருந்த சின்ன வீடு. நான் வருவதற்கு முன்னமே அதைத் திருத்தி மொழி வகுப்புகள் தொடங்கியிருந்தார்கள். இரண்டாவது, கப்பல் கம்பனி ஒன்றின் மாடி அலுவலகம். அதன் மரப்படிகளைக் கழற்றி, உளுத்தவற்றை மாற்றி, திரும்பப் பூட்டியது நான் சேர்ந்த பிறகு. மேலே நூலகம், கீழே கணக்கியல் வகுப்பு. மூன்றாவது கிட்டங்கி. கறுவாவும் தேங்காய்த் தும்பும் அடுக்கி வைத்த இடமாம். மழை நாளில் அதன் மூலைகளில் இன்னும் கறுவா வாசம் வந்தது.

கிட்டங்கிதான் பெரிய வேலை. கபுக் கல் என்கிற செம்பாறைக் கல்லில் கட்டிய தடித்த சுவர்கள், கூரையைத் தாங்கும் தேக்கு வளைகள், நடுவில் ஒரு தூண்கூட இல்லாத ஒரே மண்டபம். கல்லூரி அதற்கு இரண்டு உபயோகம் யோசித்து வைத்திருந்தது. கிழமை நாட்களில் பெரிய வகுப்புகள். சனி ஞாயிறில் ஒழுங்கைச் சனத்தின் கலியாணம், பிள்ளைகளின் முதல் நன்மை விருந்து, இறந்தவரின் முப்பத்தோராம் நாள் சாப்பாடு.

முதல் உபயோகத்தை யாரும் மறுக்கவில்லை. இரண்டாவதற்கு நிர்வாகக் குழுவில் ஒருவர் விடாமல் முட்டுக்கட்டை போட்டார். ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி. "ஒழுங்கைக்குக் குடுத்தா ஒரு வருசத்தில சுவர் முழுக்க ஆணியும் செலோடேப்பும்தான் இருக்கும்" என்று அவர் சொன்னதாகப் பிரின்சிபல் என்னிடம் சொன்னார். பிரின்சிபல் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். குழுவோடு கதைத்துக் கதைத்துக் கடைசியில் ஒரு சம்மதம் வாங்கினார். பரீட்சார்த்தமாக ஒரு நிகழ்வு. அது ஒழுங்காக நடந்தால் மண்டபம் ஒழுங்கைக்கும் உண்டு. இல்லாவிட்டால் வகுப்பறை மட்டும்.

அந்த ஒரு நிகழ்வு, எதிர்வீட்டு அன்ரியின் மகளுடைய கலியாண விருந்து.

அன்ரி தையல்காரி. முன்னறையில் மெசின், அதைச் சுற்றி வெட்டின துணி. வெளியே வரும்போதும் அவருடைய உடுப்பில் எங்காவது ஒரு நூல் ஒட்டிக்கொண்டிருக்கும். வேலை தொடங்கிய நாட்களில் எங்கள் தண்ணீர்க் குழாய் அடிக்கடி நின்றுவிடும். சுண்ணாம்பை ஊறப்போட்டுவிட்டுத் தண்ணீருக்காகக் காத்திருக்க முடியாது. அன்ரி கேட்காமலேயே தன் வீட்டுக் குழாயில் ஹோஸ் மாட்டி ஒழுங்கைக்குக் குறுக்கே இழுத்துவிட்டார். அதிலிருந்து மண்டபப் பூட்டின் மற்றத் திறப்பு அவருடைய வீட்டு ஆணியில் தொங்கியது.

மாப்பிள்ளை வீட்டார் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஆட்கள். அவர்கள் விருந்தை ஒரு ஹோட்டலில் வைக்க விரும்பினார்கள். அன்ரி, மண்டபத்துக்குச் சாந்து பூசத் தொடங்கும் முன்பே, "எங்கட ஒழுங்கையில ஹோல் இருக்கு" என்று அவர்களிடம் சொல்லிவிட்டார்.

"ஹோட்டல்ல வைச்சா நாங்களும் விருந்தாளிதான் மகள்" என்று ஒருநாள் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே விளக்கினார். "இங்க வைச்சா நாங்க கலியாண வீடு. ஒழுங்கை முழுக்கக் கூப்பிடலாம். எவனும் வாசல்ல நிண்டு தலை எண்ண மாட்டான்."

திகதி, நத்தார் எனும் கிறிஸ்மஸ் முடிந்து, உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தபசு காலம் தொடங்குவதற்கு முன். தபசு காலத்தில் மாதா கோயிலில் கலியாணம் வைக்க மாட்டார்கள். ஆகவே தள்ளிப்போட வழியில்லை. இதை என் வேலைத் திட்டத்தில் சிவப்புக் கோடாகப் போட்டு வைத்திருந்தேன்.

நத்தாருக்கு முந்திய கிழமை பின்சுவரின் பூச்சு முடிந்தது. மண்டபத்துக்குள் நுழைந்ததும் எதிரே தெரிகிற அகலமான சுவர் அது. மணமக்கள் இருக்கப்போவதும் அதற்கு முன்னால்தான். பழைய சீமெந்தைக் கொத்தி எடுத்துவிட்டு, கட்டியவர்கள் செய்த மாதிரியே சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தைப் பூசியிருந்தோம். அப்படிப் பூசின சுவர் ஆறுதலாகத்தான் காயும். காயும்போது ஓரிடம் சாம்பல், ஓரிடம் பழுப்பு, ஓரிடம் வெளிறல் என்று திட்டுத் திட்டாக இருக்கும். மாதக்கணக்கில் அப்படியே விடவேண்டும். பிறகுதான் மெல்லிய சுண்ணாம்பு வெள்ளை.

நான் தினமும் காலையில் அந்தச் சுவரைச் சுற்றிவருவேன். முதலில் தூர நின்று பார்ப்பேன். பிறகு உள்ளங்கையை வைப்பேன், குளிர்கிறதா என்று. பிறகு மடித்த விரல் மொழியால் தட்டுவேன், பூச்சு கழன்று உள்ளே பொள்ளல் சத்தம் கேட்கிறதா என்று. கடைசியாக மணந்து பார்ப்பேன். மணப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்றுமில்லை. ஈரச் சுண்ணாம்பின் வாசம் எனக்குப் பிடிக்கும்.

தைப்பொங்கல் முடிந்த ஒரு திங்கட்கிழமை நான் பஸ்ஸை விட்டு இறங்கி ஒழுங்கைக்குள் நுழைந்தபோது, மண்டப வாசலில் கூட்டமாக நின்றார்கள். அன்ரி, அவருடைய தம்பி, அக்கம்பக்கத்துப் பெண்கள், கலியாணப் பொம்பிளை. எல்லாருடைய முகத்திலும் சிரிப்பு. அன்ரியின் தம்பி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். பொம்பிளைக்குத் தாய்மாமன் என்பதால் ஒழுங்கை முழுவதும் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டது.

"மிஸ், கண்ணை மூடுங்க" என்றார் மாமா.

"ஏன்?"

"மூடுங்களன். நாங்க கூட்டிக்கொண்டு போறம்."

மூடவில்லை. வாசலிலேயே பார்த்துவிட்டேன். பின்சுவருக்குப் பெயின்ட் அடித்திருந்தார்கள், மேலிருந்து கீழ்வரை.

அந்த நிறத்துக்கு இன்றுவரை எனக்குப் பெயர் தெரியாது. கிட்டப் போனால் பச்சை. தள்ளி நின்றால் பிங்க் கலந்த மஞ்சள். ஜன்னல் வெளிச்சம் விழுந்த இடத்தில் நீலமோ என்று தோன்றியது. பிறகுதான் விளங்கியது. அந்த ஒழுங்கையில் நத்தாருக்கு முன் பெயின்ட் அடிக்காத வீடு இல்லை. எல்லார் வீட்டிலும் வாளியின் அடியில் மிச்சம் இருந்தது. எல்லா மிச்சத்தையும் ஒரு பெரிய பீப்பாயில் ஊற்றிக் கலக்கியிருந்தார்கள்.

"சீ கிரீன்" என்றார் மாமா பெருமையோடு.

"சீ கிரீனாம். உங்கட வீட்டு மஞ்சளைக் கொண்டந்து கொட்டாட்டி நல்ல நீலமா வந்திருக்கும்" என்றார் பக்கத்து வீட்டுப் பெண்.

"உங்கட நீலம் போன வருசத்து நீலம். கட்டி பிடிச்சுக் கிடந்தது. நான்தான் வடிச்சு ஊத்தினனான்."

"நேத்துப் பூசை முடிஞ்ச உடன தொடங்கினது மகள்" என்றார் அன்ரி. "ஒரே பகல்ல முடிச்சாச்சு. நீங்க எவ்வளவு பாடுபட்டீங்க இந்தச் சுவரோட. கடைசியில கல்லூரிக்காரங்க பெயின்டுக்குக் காசில்லாம விட்டிட்டாங்களே எண்டு எங்களுக்கு மனசு கேக்கல்ல. வெள்ளையடிக்காத சுவருக்கு முன்னால பிள்ளைய இருத்தவா? பாக்கிற சனம் இழவு வீடு எண்டல்லவா நினைக்கும்?"

அந்த நேரம் எங்கள் தலைமைக் கொத்தனார், மேசன் பாஸ், வந்தார். என்னைவிட உயரமான மனிதர். எனக்குப் பின்னால் நின்றபடியே சுவரைப் பார்த்துவிட்டு, "அய்யோ! மேக கவுத கெருவே?" என்றார். யார் இதைச் செய்தது என்று சிங்களத்தில் கேட்டார்.

"அபி தமய் பாஸ்!" என்று மாமா நெஞ்சைத் தொட்டுக்காட்டினார். நாங்களேதான்.

பாஸ் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துவாயை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "விளிம்பெல்லாம் நல்ல நேராப் பிடிச்சு அடிச்சிருக்கிறீங்கள்" என்றேன். அது உண்மை. பிறகு உள்ளே போய்ச் சுவரில் கை வைத்தேன். பெயின்ட் காய்ந்திருந்தது. அதற்குப் பின்னால் சுவர் குளிர்ந்தது.

பிரச்சினை நிறமல்ல. அவர்கள் அடித்தது எமல்ஷன் பெயின்ட். அது சுவருக்கு மேல் பிளாஸ்டிக் தோல் மாதிரி மூடிக்கொள்ளும். சுண்ணாம்புப் பூச்சு இறுகுவதற்குக் காற்று வேண்டும், உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழி வேண்டும். இரண்டையும் ஒரே பகலில் அடைத்துவிட்டார்கள். கடலுக்குக் கிட்டவுள்ள கபுக் கல், உப்பையும் பிடித்து வைத்திருக்கும். அப்படியே விட்டால் கொஞ்ச நாளில் பெயின்ட் கொப்பளிக்கும், அதற்குப் பின்னால் எங்கள் பூச்சும் பாளம் பாளமாகக் கழன்று வரும். கலியாணத்துக்கு முன்போ, கலியாணத்தன்றோ, பிறகோ, அது மட்டும்தான் தெரியாது.

முதலில் என் மேலதிகாரிக்குத் தொலைபேசினேன். "எடுத்துவிடு. ஆனால் பூச்சைக் கீறாமல் எடு" என்றார். எப்படி என்று சொல்லவில்லை. அடுத்ததாகப் பிரின்சிபலின் அறைக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பெரியவர் ஆணியும் செலோடேப்பும் எண்டுதான் சொன்னவர். பெயின்ட் அவருக்கே யோசனையில வரேல்லை" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை. பிறகு, "வியாழக்கிழமை குழு பார்க்க வருகுது. நான் ஒண்டையும் ஒளிக்க மாட்டன். என்ன நடந்தது எண்டு சொல்லத்தான் போறன். ஆனா அண்டைக்கு அவை எந்தச் சுவரைப் பார்க்கினம் எண்டதைப் பொறுத்துத்தான் ஹோல் ஒழுங்கைக்கா இல்லையா எண்டது" என்றார்.

அன்ரியிடம் போனபோது அவர் மெசினில் இருந்தார். மகளின் வெள்ளைச் சாரிக்கான சட்டை, கைகள் பொருத்தாமல் மேசையில் கிடந்தது. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு இருந்தேன். சுற்றி வளைக்கவில்லை. பெயின்டை எடுக்க வேண்டும் என்றேன்.

"நிறம் சரியில்லையா? என்ட தம்பிதான் மஞ்சளைக் கூடவாக் கொட்டினது."

"நிறமில்லை அன்ரி. சுவர் உள்ளுக்கு இன்னும் ஈரம். அதுக்கு மேல அடைச்சுப்போட்டீங்கள். ஈரம் வெளியால போகேலாது."

அவர் மெசினை நிறுத்தினார். சட்டையைத் தூக்கி அதன் உள்பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். "இதுக்கு உள்ளால கொட்டன் லைனிங். ஏன் தெரியுமா? நைலோன் வைச்சா இந்த வெக்கையில பிள்ளைக்கு உடம்பெல்லாம் அவிஞ்சு போயிரும். அப்ப நாங்க அந்தச் சுவருக்கு நைலோன் லைனிங் வைச்சிருக்கம்."

"ஓம் அன்ரி. அதேதான்."

"அட கடவுளே. குளிச்சிட்டு வந்த உடம்புக்கு."

பிறகு குரல் இறங்கியது. "அப்ப ஹோல் இல்லையா மகள்?"

வியாழக்கிழமை பற்றிச் சொன்னேன். குழுவில் ஒருவர் ஏற்கனவே சொல்லியிருந்ததையும் சொன்னேன். மறைப்பதால் யாருக்கும் உதவியில்லை. அவர் கேட்டுக்கொண்டே கத்தரிக்கோலைத் திறந்து மூடினார், திறந்து மூடினார்.

"இனி எந்த ஹோட்டல்லயும் இடம் வராது. வந்தாலும் மாப்பிள்ளை ஆக்களிட்ட எந்த முகத்தோட போய்ச் சொல்றது? எங்ககிட்ட ஹோல் இருக்கு எண்டு வாய் கிழியச் சொன்னவள் நான். அது போகட்டும். எனக்காக முழு ஒழுங்கைக்கும் இல்லாமப் போகுமே." கத்தரிக்கோலை வைத்தார். "அடிச்சது நாங்க. கழட்டுறதும் நாங்கதான். எப்பிடிக் கழட்டுறது எண்டு மட்டும் சொல்லுங்க."

அது எனக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆகவே அன்று பின்னேரம் சுவரின் ஓர் ஓரத்தில் மூன்று சின்னச் சதுரங்கள் கீறி மூன்று விதமாகப் பார்த்தேன். உலர்வாகச் சுரண்டியபோது பூச்சும் சேர்ந்து வந்தது. பச்சைத் தண்ணீரில் ஒன்றும் அசையவில்லை. மூன்றாவது சதுரத்தில் சுடுதண்ணீரில் நனைத்த பருத்தித் துணியை ஒட்டி, கொஞ்ச நேரம் விட்டுத் தூக்கினேன். பெயின்ட் இளகி, கொதித்த பாலில் ஆடை மடிவதுபோல மடிந்து வந்தது. ஈரச் சுவரில் அடித்ததால் அது சரியாகப் பிடித்திருக்கவில்லை. பிழையே எங்களுக்கு உதவி செய்தது.

இரவுச் சாப்பாட்டில் அம்மாவிடம் சொன்னேன். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் பொங்கலுக்கு அடித்த பெயின்ட் வாசமே இன்னும் போகவில்லை. அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "கலியாண வீட்டுக்குப் பெயின்ட் அடிக்காமல் வேற என்ன செய்யிறது? அதுகள் செய்தது சரிதானே" என்றார்.

"அம்மா, சுவர் விழும்."

"விழட்டும். அதுக்காக அடிக்காமல் இருக்கேலுமே?"

அம்மாவோடு இதற்கு மேல் கதைப்பதில் பிரயோசனம் இல்லை. ஆனால் படுக்கும்போது யோசித்தேன். அந்த ஒழுங்கையில் ஒருவருக்கும் சுவரைப் பழுதாக்கும் எண்ணம் இல்லை. தங்களுடையது என்று நினைத்ததால்தான் அடித்தார்கள். மண்டபத்தைத் திறக்கும்போது சனம் அப்படி நினைக்க வேண்டும் என்றுதானே கல்லூரியும் ஆசைப்பட்டது.

செவ்வாய்க்கிழமை காலை ஒழுங்கையின் எல்லா அடுப்பிலும் தண்ணீர் கொதித்தது. பழைய கட்டில் விரிப்புகள், ஆண்கள் உடுத்த சாரங்கள், சேலைகள் வந்து குவிந்தன. எல்லாம் பருத்திதானா என்று அன்ரி ஒவ்வொன்றாகக் கசக்கிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார். ஒரு விரிப்பைத் திருப்பியும் அனுப்பினார். இரும்புச் சுரண்டி கூடாது என்று நான் சொல்லியிருந்ததால், துணியில் கோடு போடுகிற தன் தையல் அடிமட்டங்களை எல்லாம் கொண்டுவந்து கொடுத்தார். மரத்தால் செய்தவை, விளிம்பு தேய்ந்து மழுங்கியவை. துணியைத் தூக்கியவுடன் அடிமட்டத்தைப் படுக்கவைத்துத் தள்ளினால் பெயின்ட் பாயாகச் சுருண்டது.

நான் வேலையைப் பிரித்தேன். தண்ணீர் காய்ச்சுகிறவர்கள், துணி பிழிகிறவர்கள், ஒட்டுகிறவர்கள், தள்ளுகிறவர்கள். அரை மணித்தியாலத்தில் அந்த ஒழுங்கு எங்கேயோ போய்விட்டது. எல்லாரும் எல்லாவற்றையும் செய்தார்கள், எல்லாரும் மற்றவரைக் குறை சொன்னார்கள்.

"மாமா, ஞாயிற்றுக்கிழமை இந்த நடுவில ரெண்டு கோட் அடிச்சனீங்களோ? வருகுதில்லை" என்றேன்.

"மூணு. பொம்பிளைக்குப் பின்னால வாற இடம் எண்டு."

"பாசம் கூடினா இப்பிடித்தான்."

பாஸ் சாரக்கட்டின் மேல் ஏறி நின்று, கீழே நின்றவர்களுக்குச் சிங்களமும் தமிழும் கலந்து கட்டளை இட்டார். ஒருவரும் கேட்கவில்லை. மத்தியானம் யாரோ ஒரு சட்டி நிறையக் கடலை கொண்டுவந்தார்கள்.

மேல்பாதி முடிந்தது. அன்ரி வீட்டுக் கவுனை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் துணி கட்டி, ஏணியில் நின்று நனைந்த சேலையைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார். அப்போது வாசலில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. இறங்கியவர் மாப்பிள்ளையின் தாய். கூடவே ஒரு மகள். ஹோலைப் பார்க்க வந்திருக்கிறார்கள்.

மாப்பிள்ளையின் தாய் சுவரைப் பார்த்தார். மேலே திட்டுத் திட்டான சாம்பலும் பழுப்பும். கீழே மாமாவின் சீ கிரீன். நடுவில் நனைந்த சேலைகள்.

"வாங்க வாங்க" என்றார் அன்ரி ஏணியிலிருந்தே. "கலியாண வேலைதான் நடக்குது."

"பெயின்ட் அடிக்கினமோ?"

"இல்ல. கழட்டுறம்."

"ஏன்?"

அன்ரி என்னைப் பார்த்தார். நான் முன்னுக்கு வந்து விளக்கினேன். பழைய சுவர், சுண்ணாம்பு, ஈரம், காற்று. அவர் மரியாதையாகக் கேட்டார். முடிந்ததும், "அப்ப கலியாணத்தண்டைக்கு என்ன நிறமாய் இருக்கும்?" என்றார்.

"இப்படியேதான். மேல இருக்கிற மாதிரி."

"இப்படியேவோ?" அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். "படம் எல்லாம் எடுக்கிறது. பின்னால இப்பிடி ஊத்தை பிடிச்ச மாதிரி இருந்தால்... நான் குறை சொல்லேல்லை. ஹோட்டலிலை ஒருக்கால் கேட்டுப் பார்ப்பமோ எண்டுதான். தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம்."

அன்ரி ஏணியிலிருந்து இறங்கவில்லை. ஒட்டிய சேலையிலிருந்து கையையும் எடுக்கவில்லை. அவருடைய கழுத்து மட்டும் சிவந்தது.

வாளிக்குப் பக்கத்தில் துணி பிழிந்துகொண்டிருந்த பொம்பிளை எழுந்தாள். ஒரு வங்கியில் வேலை செய்கிற, அதிகம் கதைக்காத பெண். கையை உதறிவிட்டு, நனையாத ஒரு வெள்ளை விரிப்பை எடுத்துத் தோளிலிருந்து கால்வரை போட்டுக்கொண்டாள். போய் மேல்பாதி தெரிகிற சாரக்கட்டுப் படியில் ஏறி, சுவருக்கு முன்னால் நின்றாள்.

"மாமி, பாருங்க. நான் கட்டப்போறது வெள்ளைச் சாரி. வெள்ளைச் சுவருக்கு முன்னால நிண்டா நான் எங்க இருக்கிறன் எண்டே தெரியாது. இதில தெரியுதுதானே?"

தெரிந்தது. மேற்கு ஜன்னலால் வெயில் வந்து விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பழுப்பும் சாம்பலும் அவளுக்குப் பின்னால் பழைய படங்களில் வருகிற மாதிரி மங்கலாகப் போயின. அவள் மட்டும் துலக்கமாக நின்றாள். நான் கிழமைக்கணக்காக அந்தச் சுவரைத் தட்டியும் மணந்தும் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு மனிதரை நிறுத்திப் பார்த்ததில்லை.

மாப்பிள்ளையின் தங்கை உடனே கைபேசியை எடுத்துப் படம் எடுத்தாள். தாயிடம் காட்டினாள். தாய் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"படத்தில நல்லாத்தான் இருக்குது" என்றார். பிறகு, "பூவுக்கு மட்டும் கடுஞ்சிவப்பு வேண்டாம். வெளிர் நிறமாய் வைப்பம்" என்றார்.

அன்ரி அப்போதுதான் ஏணியிலிருந்து இறங்கினார். "தேத்தண்ணி போடட்டா?" என்றார். "தண்ணி நிறையக் கொதிக்குது."

புதன்கிழமை பின்னேரம் சுவர் முழுவதும் வெளியே வந்தது. நான் எல்லா இடமும் தட்டிப் பார்த்தேன். ஓரிரு இடங்களில் மேல்தோல் உரிந்திருந்தது. பாஸ் அவற்றை மெல்லிய சாந்தால் மூடினார். அதன் மேல்மூலையில், கூரை வளை சுவருக்குள் நுழைகிற சந்தில், ஒரு கையகலத்துக்குப் பெயின்ட் மிச்சமாக இருந்தது. அடிமட்டம் அதற்குள் போகவில்லை. அந்த அளவால் சுவருக்கு ஒன்றும் வராது. விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை குழு வந்தது. பிரின்சிபல் சொன்னபடியே ஒன்றையும் ஒளிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது, செவ்வாயும் புதனும் என்ன நடந்தது என்று சுவருக்கு முன்னால் நின்றே சொன்னார். ஓய்வுபெற்ற அதிகாரி சுவருக்குக் கிட்டப் போனார். கை வைத்துப் பார்த்தார்.

"நான் அப்போதே சொன்னேன்" என்றார்.

"ஓம், சொன்னனீங்கள்" என்றார் பிரின்சிபல். "பழுதாக்குவினம் எண்டு சொன்னனீங்கள். திருத்துவினம் எண்டு சொல்லேல்லை."

அதிகாரி என்னிடம் திரும்பி, இனி இது நடக்காது என்று என்னால் உறுதி சொல்ல முடியுமா என்று கேட்டார். உறுதி சொல்ல முடியாது என்றேன். ஒரு வேலை ஏன் முடியாமல் இருக்கிறது என்று ஒழுங்கைக்குச் சொல்லும் வழக்கம் எங்களிடம் இருக்கவில்லை, இனி இருக்கும் என்றேன். இந்தச் சுவரைப் பற்றி இந்த ஒழுங்கையில் இப்போது எல்லாருக்கும் தெரியும், என்னிடம் படித்த மாதிரியே தெரியும் என்றும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் வளைகளை நிமிர்ந்து பார்த்தார். மூலையில் இருந்த கையகல மிச்சத்தையும் பார்த்திருக்க வேண்டும்.

"கலியாணம் நடக்கட்டும்" என்றார். "பிறகு பார்ப்போம்."

கலியாணம் நடந்தது. கோயிலில் பூசை முடிந்து எல்லாரும் நடந்தே மண்டபத்துக்கு வந்தார்கள். வெளிர் ரோசாப் பூக்கள், கேக், வைன், பிறகு பைலாப் பாட்டும் ஆட்டமும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவர் உள்ளே வந்ததும் சுவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "வடிவாய்த்தான் இருக்கு. பெயின்ட் அடிச்சிருக்கலாம்" என்று என் காதுக்குள் சொன்னார்.

ஓய்வுபெற்ற அதிகாரியும் வந்திருந்தார். பின் வரிசையில், எல்லாச் சுவரும் தெரிகிற ஒரு கதிரையில் இருந்தார். அவர் எதைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆகவே நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேக் வெட்டுவதற்கு முன் மாப்பிள்ளை பக்கத்து இளைஞர் ஒருவர் வாழ்த்து எழுதிய கடதாசிப் பட்டியோடு பின்சுவரை நோக்கிப் போனார். கையில் செலோடேப். நான் எழும்புவதற்குள் அன்ரி மேடையிலிருந்து, பட்டுச் சாரியும் நகையுமாக, இறங்கி ஓடினார்.

"தம்பி! தம்பி! அதில ஒட்டாத!"

"ஏன் அன்ரி, சின்னத் துண்டுதானே."

"சின்னமோ பெரிசோ. அந்தச் சுவர் இன்னும் காயேல்ல. அதுக்குக் காத்து வேணும். உனக்கு மூக்கில டேப் ஒட்டினா எப்பிடி இருக்கும்?"

பக்கத்தில் கதிரையைச் சுவரோடு சாய்த்து இருந்த ஒரு பெரியவரையும் அவர் விடவில்லை. "முன்னுக்கு இழுத்துப் போடுங்க மச்சான். சாயாதீங்க." அவர் கதிரையை இழுத்தார். பக்கத்தில் இருந்தவரும் இழுத்தார். ஒரு வரிசை முழுக்க ஒரு சாண் முன்னுக்கு வந்தது. மாமா அந்த இளைஞரின் கையிலிருந்த பட்டியை வாங்கி, ஜன்னல் கம்பியில் நூலால் கட்டினார். அன்ரியின் சாரி முந்தானையில் ஒட்டிக்கொண்டிருந்த நூல்தான் அது.

பின் வரிசையில் அதிகாரி தன் கதிரையைத் திரும்பிப் பார்த்தார். அதுவும் சுவரோடு முட்டிக்கொண்டிருந்தது. அவர் எழும்பி, கதிரையைத் தூக்கி முன்னுக்கு வைத்து, மறுபடி இருந்தார்.

அடுத்த சனிக்கிழமைக்கு ஒழுங்கையின் மேல்பக்கத்து வீட்டார் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு மண்டபம் கேட்டார்கள். குழுவின் சம்மதத்தோடு கொடுத்தோம். அதற்கு அடுத்த திங்கட்கிழமை தாதிமார் வகுப்பு முதல்முறையாக அங்கே கூடியது. நான் வழக்கம்போலக் காலையில் போய்ச் சுவரில் கை வைத்தேன். குளிர் குறைந்திருந்தது. திறப்பை அன்ரியின் வீட்டு ஆணியில் திரும்ப மாட்டிவிட்டு, தேத்தண்ணி குடிக்க இருந்தேன்.